ஸ்பாரிங் சேதியும் சண்டை முடிவும்: பயிற்சிக்கூடப் பேச்சை எவ்வளவு நம்பலாம்?

பெரிய குத்துச்சண்டை ஒன்று நெருங்கும்போதெல்லாம், அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகவே ஒரே மாதிரியான சேதி கிளம்பிவிடுகிறது. பயிற்சியில் சாம்பியன் கீழே விழுந்துவிட்டார், பெயர் தெரியாத ஓர் ஆளின் இடது கை அவரை மடக்கிப் போட்டுவிட்டது, மூன்று நாளாக ஸ்பாரிங் (கூட ஓர் ஆளை நிறுத்திப் பயிற்சியாக மோதிப் பார்ப்பது) பக்கமே அவர் வரவில்லை, முகாமில் எல்லோருடைய வாயையும் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று அது விரியும். லாஸ் வேகஸிலோ லண்டனிலோ பிறந்த அந்தப் பேச்சு, வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, காந்தி நகர்ப் பக்கத்து ஜிம்களுக்குக் கைப்பேசி வழியாக அன்று மாலையே வந்து சேர்ந்துவிடுகிறது. லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் முக்கியச் சண்டை நமக்கு ஞாயிறு காலை இட்லி வேளையில் கிடைக்கும். ரியாத்தில் நடப்பதென்றால் விடியுமுன் கண்விழிக்க வேண்டும். சண்டை அரைமணி, முக்கால்மணி நேரத்தில் முடிந்துவிடக் கூடியது. அதைப் பற்றிய வாதமோ ஒரு மாதம் நீள்வது. அந்த ஒரு மாதத்துக்கும் தீனி போடுவது ஸ்பாரிங் சேதிதான் என்பதால், அது முடிவை உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்லுகிறதா என்று பார்ப்பது வீண் வேலையாகாது.

வேலூர்க்காரர்கள் பயிற்சிக்கூடச் சேதியை மற்ற ஊர்க்காரர்களைவிடச் சற்று அதிகமாகவே நம்புவார்கள் என்பது என் எண்ணம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. இது பளுதூக்கும் ஊர். சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில், தொடையில் காயத்தோடு, 144-உம் 173-உமாக 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம் வாங்கினார். பளு தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒன்று மனத்தில் பதிந்துபோயிருக்கும்: பயிற்சியில் எவ்வளவு தூக்குகிறானோ ஏறக்குறைய அதைத்தான் மேடையிலும் தூக்குவான். ஏனென்றால் சத்துவாச்சாரியில் 170 கிலோ எடையுள்ள தண்டு கிளாஸ்கோவிலும் அதே 170 கிலோதான். அது எதிர்த்து அடிப்பதில்லை, ஏமாற்றுவதில்லை, இன்றைக்கு இடது பக்கமாக வந்து நாளைக்கு வலது பக்கமாக வருவதில்லை. காயம் பட்டால் அந்தக் காயம் கிலோ கணக்கில் தெரிந்துவிடக்கூடும். குத்துச்சண்டையில் இப்படி அளக்கத் தண்டும் இல்லை, தட்டும் இல்லை. பளுதூக்கும் பழக்கத்தில் வந்த நம்பிக்கையை அப்படியே ரிங்குக்குள் கொண்டுபோவதில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது.

ஸ்பாரிங் என்பது சின்ன அளவில் நடக்கும் சண்டை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வேறொரு வேலை. தொழில்முறைச் சண்டையில் பொதுவாக 147 பவுண்டு வரையிலான எடைப் பிரிவுகளில் 8 அவுன்ஸ் கையுறை, அதற்கு மேல் 10 அவுன்ஸ் கையுறை. ஸ்பாரிங்கில் போடுவது பெரும்பாலும் 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 450 கிராம் எடையுள்ளது, கூடவே தலைக்கவசம். ஒரு கையில் 8 அவுன்ஸும் மறு கையில் 16 அவுன்ஸும் மாட்டிப் பையை அடித்துப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு புரியும்: பெரிய கையுறையில் குத்து மெத்தென்று பரவிவிடுகிறது, கையோ ஆறாவது நிமிடத்திலேயே கனக்கத் தொடங்குகிறது. மறுபக்கம், அந்தப் பெரிய கையுறைக்குப் பின்னால் முகத்தை எளிதாக மறைத்துக்கொள்ளலாம். சண்டையன்று சின்னக் கையுறையின் சந்துக்குள் புகுந்து வரும் குத்து, பயிற்சியில் தடுக்கப்பட்ட அதே குத்துதான். மறைப்பு, வேகம், களைப்பு, வலி என்று எல்லாக் கணக்கும் இதனால் மாறிவிடுகிறது.

அதைவிட முக்கியமானது, ஸ்பாரிங்கில் யார் எதற்காக நிற்கிறார் என்பது. எட்டு வாரமோ பத்து வாரமோ நடக்கும் முகாமில், எதிராளியைப் போல உயரமும் கைநீளமும் நிற்கும் தோரணையும் கொண்ட ஆட்களைச் சம்பளத்துக்கு வரவழைப்பார்கள். எதிராளி இடது கைக்காரர் என்றால் இடது கைக்காரர்களாகவே நான்கு பேர் வருவார்கள். சாம்பியன் ஒருவரே எட்டு ரவுண்டு நிற்க, எதிரில் இருப்பவரை மட்டும் இரண்டு ரவுண்டுக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருப்பார் கோச். எட்டாவது ரவுண்டில் வியர்வையில் நனைந்து கால் தளர்ந்து நிற்கும் சாம்பியன் முன்னால், அப்போதுதான் கைக்கட்டு கட்டிக்கொண்டு ஏறிய ஆள் நிற்கிறார். “இன்றைக்கு வலது கையைத் தொடவே கூடாது, ஜாபை (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்தை) மட்டும் வைத்துச் சமாளி” என்று கோச் சொல்லியிருக்கவும் கூடும். அந்த நேரத்தில் ஒரு குத்து பட்டுச் சாம்பியனின் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது என்றால், ஜிம் மூலையில் நின்று பார்த்தவர் “விழுந்துவிட்டார்” என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் எத்தனையாவது ரவுண்டு, எந்தக் கட்டுப்பாட்டோடு, முகாமின் எத்தனையாவது வாரம் என்ற விவரம் ஒன்றும் அந்தச் சேதியோடு பயணம் செய்வதில்லை. விழுந்தது மட்டும்தான் வேலூர் வரை வருகிறது.

இதற்கு முகம்மது அலியைவிட நல்ல சான்று கிடைக்காது. அலி பயிற்சியில் மோசமாகத் தெரிவதில் பேர்போனவர். ஸ்பாரிங் பார்ட்னர்களைத் தன் உடம்பில் இஷ்டத்துக்கு அடிக்க விட்டுக் கயிற்றில் சாய்ந்து நிற்பது அவருடைய வழக்கம். அடி வாங்கிப் பழகுவதையே ஒரு பயிற்சியாக வைத்திருந்தார். 1974-இல் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுக் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்கொள்ளப் போனபோதும் அப்படித்தான். ஃபோர்மன் அப்போது 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஃப்ரேசியர், நார்ட்டன் இருவரையும் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் முடித்தவர். அப்படிப்பட்ட ஆளோடு மோதப் போகிறவர் கூலிக்கு வந்தவர்களிடமே கயிற்றோரம் அடி வாங்குகிறார் என்று ஒரு நிருபர் எழுதினால், அவர் பார்த்ததை எழுதினார் என்றுதான் சொல்ல வேண்டும். அக்டோபர் 30 அன்று அலி அதே கயிற்றில் சாய்ந்துகொண்டு, ஃபோர்மனை அடிக்க விட்டுக் களைப்படையச் செய்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். பயிற்சியில் பலவீனம் போலத் தெரிந்ததே சண்டையன்று ஆயுதமாயிற்று. அங்கே நின்றிருந்தவர்கள் கண்ணால் கண்டதில் பிழை இல்லை. கண்டதற்குக் கொடுத்த பொருள்தான் பிழை.

அதே சண்டையில் இன்னொரு ஸ்பாரிங் சேதியும் இருந்தது. அது வதந்தியல்ல, ஊரறிந்த உண்மை. சண்டை முதலில் செப்டம்பர் 25-க்கு வைக்கப்பட்டிருந்தது. அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, ஸ்பாரிங் பார்ட்னரின் முழங்கை பட்டு ஃபோர்மனின் வலது கண்ணுக்கு மேலே கிழிந்தது. சண்டை ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று. காயம் ஆறும் வரை ஃபோர்மன் ஸ்பாரிங் செய்ய முடியவில்லை. அந்தக் காயம் சண்டையைத் தீர்மானித்தது என்று சொல்ல முடியாது, ஃபோர்மன் தோற்றது வெட்டுப்பட்டதால் அல்ல. ஆனால் சண்டையை எதிர்நோக்கி ஓடவேண்டிய வாரங்களில் ஒரு சாம்பியன் கைகட்டி உட்கார நேர்ந்தது என்பது, “இன்னார் இன்னாரை அடித்துவிட்டார்” என்பதைவிடப் பல மடங்கு கனமான விவரம். இந்த வேறுபாட்டைக் கடைசியில் மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

சரி, மூலையில் நின்று எட்டிப் பார்த்தவர்களை விட்டுவிடுவோம். ஒரு வீரரை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவருக்காவது ஸ்பாரிங் அறிவு உதவியதா? ஜிம்மி எல்லிஸ் அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், அவருடைய நீண்டநாள் ஸ்பாரிங் பார்ட்னர், பின்னால் தாமே உலகச் சாம்பியனானவர். இருவருக்கும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. 1971 ஜூலையில் ஹூஸ்டனில் இருவரும் ஒருவரோடொருவர் மோதியபோது, எல்லிஸின் மேலாளரும் தாமே என்பதால் டண்டீ எல்லிஸின் மூலையில் (ரவுண்டுகளுக்கு நடுவே வீரரைக் கவனிக்கும் குழு நிற்கும் ரிங் மூலையில்) நின்றார். அலியின் ஒவ்வொரு பழக்கத்தையும் அறிந்த கோச் ஒரு மூலையில். அந்தப் பழக்கங்களை நூற்றுக்கணக்கான ரவுண்டுகள் எதிரில் நின்று வாங்கிக்கட்டிக்கொண்ட வீரரும் அதே மூலையில். அலி பன்னிரண்டாவது ரவுண்டில் சண்டையை முடித்தார். ஸ்பாரிங்கை எட்டிப் பார்த்த ஒருவர் சொல்லி, அதை இன்னொருவர் எழுதி, அதை மூன்றாமவர் நமக்கு அனுப்பினால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த எல்லிஸ் முற்றிலும் அந்நியர் அல்ல. 1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த அலி, ரசிகர்கள் முன்னால் காட்சிக் குத்துச்சண்டை ஆடியது இவரோடுதான். சிரித்துக்கொண்டும் கால்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டும் ஆடிய அலியைப் பார்த்தவர்கள், இன்னும் இரண்டு ஆண்டு தாங்குவார் என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் அவர் லேரி ஹோம்ஸை எதிர்த்து ஏறினார். ஹோம்ஸும் அலியிடம் சம்பளம் வாங்கிய பழைய ஸ்பாரிங் பார்ட்னர்தான். 38 வயது அலி, எடை நன்றாகக் குறைந்து, நரை மறைத்த தலைமுடியோடு, பழைய படத்திலிருந்து இறங்கி வந்தவரைப் போல இருந்தார். அந்தத் தோற்றத்தைக் கண்டு பந்தயக்காரர்கள் பலர் மனம் மாறினார்கள். எடை குறைந்ததில் தைராய்டு மருந்துக்குப் பங்கு இருந்தது, அது அவருடைய வலுவையும் உறிஞ்சியிருந்தது என்பது பின்னால்தான் வெளிவந்தது. நடுவர்கள் மூவரும் பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பதினோராவதுக்கு அலியை டண்டீ எழ விடவில்லை. கயிற்றில் அடி வாங்கியபோது தோற்பார் என்றார்கள், வென்றார். கட்டுடலோடு வந்தபோது வெல்வார் என்றார்கள், ஒரு ரவுண்டுகூட எடுக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஸ்பாரிங் சேதிக்கு மதிப்பு குறையாமல் இருப்பதற்கு ஒரே ஒரு சண்டை காரணம். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. 37 சண்டையில் 37-ஐயும் வென்றிருந்த மைக் டைசனுக்கு எதிரே பஸ்டர் டக்ளஸ். சண்டைக்குச் சில வாரம் முன்பு டோக்கியோவில் நடந்த ஸ்பாரிங்கில், முன்னாள் சாம்பியன் கிரெக் பேஜ் டைசனை அடித்துக் கீழே தள்ளினார். அது ஒளித்துவைத்த செய்தி அல்ல, பத்திரிகைகளில் வந்தது. இருந்தும் லாஸ் வேகஸின் மிராஜ் சூதாட்ட விடுதி டக்ளஸுக்குக் கொடுத்த விகிதம் 42-க்கு 1. டக்ளஸ் பத்தாவது ரவுண்டில் டைசனை நாக் அவுட் செய்தார். அன்றிலிருந்து, ஒரு சாம்பியன் ஸ்பாரிங்கில் தடுக்கி விழுந்தால்கூட “டைசனும் இப்படித்தான் டோக்கியோவில்” என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார்.

இந்த ஒரு சம்பவத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42-க்கு 1 என்றால், டக்ளஸ் வெல்ல நூறில் இரண்டு வாய்ப்புக்குச் சற்று மேல் என்று சந்தை நினைத்தது. கிரெக் பேஜ் சேதியை மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொண்டு, அது டக்ளஸின் வாய்ப்பை இரட்டிப்பாக்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது நூறில் ஐந்தை எட்டாது. அதாவது சேதி உண்மையாகவும் இருக்கலாம், பயனுள்ளதாகவும் இருக்கலாம், அப்படியிருந்தும் டைசன் வெல்வார் என்று சொல்வதே சரியான கணிப்பாக இருக்கலாம். ஒரு விவரம் தராசை லேசாக அசைப்பதும், தட்டையே கவிழ்ப்பதும் ஒன்றல்ல. பந்தயம் கட்டுகிறவருக்கு அந்த லேசான அசைவு பணமாகும். யார் வெல்வார் என்று மட்டும் கேட்பவருக்கு அதனால் பதில் மாறாது.

டோக்கியோவில் நடந்ததை விளக்க அந்த விழுகை தேவையுமில்லை. டைசன் 1988-இலேயே தம் பயிற்சியாளர் கெவின் ரூனியை நீக்கிவிட்டார்; அதற்குப்பின் மூலையில் நின்றவர்களுக்கு அந்தத் தரம் இல்லை. சண்டையின் நடுவில் டைசனின் இடது கண் வீங்கி மூடத் தொடங்கியபோது, வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த உலோகத் துண்டு அவர்கள் பெட்டியில் இல்லை. ரப்பர்க் கையுறை ஒன்றில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கட்டி, அதைக் கண்மேல் வைத்து ஒத்தினார்கள். எந்த மாவட்டப் போட்டியிலும் ஒரு கோச் பையில் வைத்திருக்கும் சாமான், உலகச் சாம்பியனின் மூலையில் இல்லை. மறுபக்கம் டக்ளஸ், சண்டைக்குச் சில வாரம் முன்பு தாயைப் பறிகொடுத்தவர், தம் வாழ்நாளிலேயே சிறந்த உடல்நிலையில் வந்திருந்தார். அவருடைய நீண்ட ஜாப் டைசனை முதல் ரவுண்டிலிருந்தே தள்ளி நிறுத்தியது. முகாமில் கவனம் சிதறிக் கிடந்தது என்பதுதான் நோய். கிரெக் பேஜிடம் விழுந்தது அதன் பல அறிகுறிகளில் ஒன்று. ரூனி போன செய்தி ஓராண்டுக்கும் மேலாக எல்லோருக்கும் தெரிந்துதான் கிடந்தது, ஆனால் அதை யாரும் பரபரப்பாகப் பகிரவில்லை.

சேதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் நம்பிக்கை இன்னும் குறையும். பெரிய முகாம்களில் கைப்பேசியைக் கதவருகே வாங்கி வைத்துவிடுவார்கள்; ஸ்பாரிங் பார்ட்னர்கள் வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார்கள். அப்படி அடைத்த கதவுக்குள்ளிருந்து ஒரு படம் வெளியே வருகிறதென்றால், அதை வெளியே விட யாருக்கோ காரணம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் குத்துச்சண்டை வீரர் ஃப்ளாய்ட் மேவெதரும், குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த கலப்புச் சண்டையின் வீரர் கானர் மெக்கிரெகரும் மோதியதற்கு முன் நடந்தது இதன் பாடபுத்தக உதாரணம். மெக்கிரெகருக்கு அது முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. மேவெதர் 49 சண்டையில் தோல்வியே காணாதவர். முன்னாள் உலகச் சாம்பியனான பாலி மாலினாஜி மெக்கிரெகரின் முகாமில் ஸ்பாரிங் செய்யப் போனார். அவர் தரையில் கிடக்கும் புகைப்படம் ஒன்று வெளிவந்தது. அவர் கோபித்துக்கொண்டு முகாமைவிட்டு வெளியேறி, “தள்ளிவிட்டார், அடித்து விழவில்லை, முழு வீடியோவையும் போடுங்கள்” என்ற பொருளில் திரும்பத் திரும்பக் கேட்டார். முழு வீடியோ வரவில்லை. சில நொடித் துண்டுகள் வந்தன, அதையும் வெளியிட்டது மெக்கிரெகரை வைத்துக் கலப்புச் சண்டை நிகழ்ச்சி நடத்திய யூ.எஃப்.சி. நிறுவனத்தின் அப்போதைய தலைவர். டிக்கெட் விற்கிறவரே ஆதாரத்தையும் விற்கிறார் என்று யாருக்கும் உறைக்கவில்லை. “இன்னாண்ணா, விழுந்ததைத்தான் வீடியோவுலயே போட்டுட்டாங்களே” என்று காட்பாடியில் ஒரு தம்பி அப்போது என்னிடம் வாதாடினான். அவன் மேல் குற்றமில்லை, அந்தத் துண்டு அவனை நம்பவைப்பதற்காகவே வெட்டப்பட்டது. மெக்கிரெகர் முதல் சில ரவுண்டுகள் நன்றாகவே ஆடி, பின்பு மூச்சு வாங்கி, பத்தாவது ரவுண்டில் நடுவரால் நிறுத்தப்பட்டார். அவ்வளவு ஏற்றத்தாழ்வான சண்டைக்கு அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பணம் கட்டின. “ஒருவேளை ஜெயித்துவிடுவானோ” என்ற ஐயம் இல்லாமல் அத்தனை பேர் கட்டியிருக்க மாட்டார்கள். அந்த ஐயத்தை உற்பத்தி செய்ததில் அந்தச் சில நொடிகளுக்குப் பங்குண்டு.

பணம் சேர்க்கும் சேதி கசியும்போது, பணத்தைக் கெடுக்கும் சேதி கசிவதில்லை. 2015 மே 2 அன்று மேவெதரை எதிர்கொண்ட மேனி பாக்கியாவுக்கு, சில வாரம் முன்பே பயிற்சியில் வலது தோள் காயப்பட்டிருந்தது. முடிவைப் பாதிக்கக்கூடிய உண்மையான பயிற்சிக்கூட விவரம் என்றால் அதுதான். அது பெரிதாக வெளியே வரவில்லை. சண்டைகளுக்கு அனுமதி தரும் நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்தின் படிவத்தில் தோள் காயம் உண்டா என்ற கேள்விக்கு “இல்லை” என்று குறிக்கப்பட்டிருந்தது. அதனாலேயே சண்டையன்று மாலை வலிமருந்து ஊசி போட அனுமதி கேட்டபோது ஆணையம் மறுத்தது. பாக்கியா புள்ளிகளில் தோற்றார்; அடுத்த சில நாளில் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. பணம் கட்டிப் பார்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. முகாமிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது சான்று. அதே சமயம், தோள் நன்றாக இருந்திருந்தால் பாக்கியா வென்றிருப்பார் என்றும் நான் சொல்ல மாட்டேன். மேவெதர் அந்த இரவு பாக்கியாவின் வலது கையை மட்டும் அல்ல, இடது கையையும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

நினைவின் கோளாறு ஒன்றும் இதில் கலந்திருக்கிறது. 2019 ஜூன் 1 அன்று நியூயார்க்கில் அப்போதைய உலகச் சாம்பியன் ஆன்டனி ஜோஷுவாவை, சில வார அவகாசத்தில் மாற்று ஆளாக வந்த ஆண்டி ரூயிஸ் ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஜோஷுவா ஸ்பாரிங்கில் பலத்த அடி வாங்கியிருந்தார் என்ற பேச்சு அதன்பிறகு காட்டுத்தீயாகப் பரவியது. ஜோஷுவா அதை மறுத்தார். உண்மை எதுவாக இருந்தாலும், சண்டையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூன்றாவது ரவுண்டில் முதலில் விழுந்தது ரூயிஸ்தான். முடிக்கும் அவசரத்தில் ஜோஷுவா குத்துப் பரிமாற்றத்துக்குள் நுழைந்தார், ரூயிஸின் வேகமான இடது கை அவர் நெற்றிப்பொட்டருகே பட்டது, அதற்குப்பின் அவர் கால் கேட்கவில்லை. முதல் விழுகைக்குப் பிறகு ரூயிஸ் எழாமல் இருந்திருந்தால், ஸ்பாரிங் பேச்சு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதே போன்ற பேச்சு கிளம்பி, சம்பந்தப்பட்டவர் சுலபமாக வென்றுவிட்ட சண்டைகள் எத்தனையோ. அவற்றை நாம் எண்ணிவைப்பதில்லை. தோற்றவருக்கு மட்டும் முகாம் வரலாற்றைத் தோண்டுகிறோம், தோண்டினால் ஏதாவது அகப்படத்தான் செய்யும். எட்டு வாரம் அடிபட்டுக்கொண்டே இருப்பவர் உடம்பில் காரணம் ஒன்று கிடைக்காமலா போகும்?

2024-இல் பிரிட்டனின் டைசன் ஃப்யூரிக்கும் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்குக்கும் ரியாத்தில் வைத்திருந்த சண்டை பிப்ரவரி 17-லிருந்து மே 18-க்குத் தள்ளிப்போனது. காரணம், கின்ஷாசாவைப் போலவே, ஸ்பாரிங்கில் வலது கண்ணுக்கு மேலே பட்ட வெட்டு. மூன்று மாதமாக அந்தத் தழும்பு மறுபடி பிளக்குமா என்பதுதான் எங்கும் பேச்சு. பிளக்கவில்லை. ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றில் தள்ளாடி நடுவர் எண்ண நேர்ந்தது உசிக்கின் இடது கையால். முடிவு, நடுவர் மூவரில் இருவர் கணக்கில், உசிக்குக்கு. நீண்டநாள் உலகச் சாம்பியனாக இருந்த விளாதிமிர் கிளிட்ச்கோவின் முகாமில் 2014-இல் கற்றுக்கொள்ளும் இளைஞராக ஸ்பாரிங் செய்த அதே ஜோஷுவா 2017-இல் அவரையே பதினோராவது ரவுண்டில் நிறுத்தியதும் இந்த வரிசையில் சேரும். கிளிட்ச்கோ அந்தச் சண்டைக்குத் தம் கணிப்பை ஒரு பென் டிரைவில் பதிந்து மேலங்கிக்குள் தைத்துக்கொண்டு வந்தார் என்பது உபரித் தகவல். பழைய ஸ்பாரிங் பழக்கத்தில் அவருக்கும் ஏதோ நம்பிக்கை இருந்திருக்கும்.

ஆகவே “யார் யாரை அடித்தார்” என்ற வகைச் சேதியை நான் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். சண்டைத் தேதி தள்ளிப்போவது, ஸ்பாரிங் வாரக்கணக்கில் நின்றுபோவது, முகாமின் நடுவில் கோச் மாறுவது, எடை வரம்புக்கு மேல் நிற்பவர் கடைசி வாரத்தில் பட்டினி கிடப்பது ஆகியவை வேறு வகை. இவற்றைத் திரித்துச் சொல்வது கடினம், பலருக்குத் தெரியாமல் மறைப்பதும் கடினம், வீரரின் உடம்பில் இவை உண்மையாகவே வேலை செய்யும். இவையும் வெற்றி தோல்வியைச் சொல்லிவிடாது. ஆனால் சண்டை நீண்டால் யாருக்குச் சிரமம் என்பதையாவது கோடி காட்டும்.

தலையில் பட்ட அடியைப் பற்றிய சேதி மட்டும் இரண்டு வகைக்கும் நடுவே நிற்கிறது. அதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஸ்பாரிங்கில் உண்மையாகவே நினைவு தப்பும்படி அடிவாங்கியவர், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ரிங்கேறினால் முன்பு தாங்கிய குத்தைத் தாங்காமல் போகலாம் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளும் ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் பேச்சைத் தவிர நமக்கு வேறு ஆதாரம் கிடைப்பதும் அரிது. தொழில்முறைச் சண்டையில் நாக் அவுட் ஆனவருக்கு ஆணையம் 30, 60, 90 நாள் என்று கட்டாய ஓய்வு விதித்து அதைப் பதிவேட்டில் ஏற்றுகிறது. ஜிம்மில் நாக் அவுட் ஆனவருக்குப் பதிவேடு கிடையாது. அமெச்சூர் விதிகள் இதில் ஒரு படி மேல். போட்டியில் தலையடியால் நிறுத்தப்பட்டவர் குறைந்தது 30 நாள் விலகியிருக்க வேண்டும், பயிற்சியில் அப்படி நேர்ந்தாலும் அதே ஓய்வு பொருந்தும் என்று அந்த விதிகள் சொல்லுகின்றன. வேலூரிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கையுறை மாட்டும் பிள்ளைகளுக்கும் அந்த விதியே. ஆனால் போட்டியில் விழுந்தால் எழுதிவைக்க மேடையோரம் மருத்துவர் இருக்கிறார். ஜிம்மில் விழுந்ததைப் போய்ச் சொல்ல வேண்டியவர், அடுத்த வாரம் அந்தப் பையனை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போகக் காத்திருக்கும் அதே கோச்.